குவாங்டாங்கில் தன்பாலினத் துணையோடு வாழ்வோருக்கு: சட்டம் என்ன தரும், எதை நீங்களே எழுதி வாங்க வேண்டும்?

சீனாவில் தன்பாலீர்ப்பாளர்கள் தங்களை ‘தோங்ஜி’ என்று சொல்லிக்கொள்வார்கள். தோழர் என்று பொருள். கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் விளித்த சொல்லை எடுத்துத் தங்களுக்கான அடையாளமாக்கிக்கொண்டார்கள். சட்டமும் அவர்களை ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது. இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் தோழர்கள், அவ்வளவுதான். கணவனும் இல்லை, மனைவியும் இல்லை, உறவும் இல்லை.

தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தன் மகன் தன்பாலீர்ப்பாளன் என்பதைத் தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொல்லி ஆதரித்த வூ யோவ்ஜியான் என்ற அம்மா, மாகாணத் தலைநகரான குவாங்சோக்காரர். பெற்றோர்கள் ஒன்றுகூடி 2008-இல் அமைப்பு தொடங்கியதும் அந்த நகரத்தில்தான். 2009 ஆகஸ்டில் மக்கள் பூங்காவிலிருந்து போலீஸ் விரட்ட வந்தபோது, அங்கே வழக்கமாகக் கூடும் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் கலைய மறுத்து நின்றார்கள். வேலை தேடி நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து சேரும் மாகாணம் இது. சொந்த ஊர், குலம், பெற்றோரின் கண் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி வந்து ஜோடியாக வாழ்பவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு ஆபத்து வருவதும் அந்தத் தூரத்தால்தான். ஒருவர் படுத்துவிட்டால், ஊரிலிருந்து ரயிலேறி வரும் அண்ணனுக்கு இருக்கும் உரிமை பக்கத்தில் நிற்கும் துணைக்கு இல்லை.

என்னென்ன காகிதங்களை எந்த வரிசையில் தயார் செய்ய வேண்டும் என்று சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதல் படி: எது குற்றம், எது குற்றமில்லை

வயதுவந்த இருவர் சம்மதத்தோடு உறவு கொள்வது குற்றமில்லை. 1979-இன் குற்றவியல் சட்டத்தில் ‘லியுமாங்’, அதாவது போக்கிரித்தனம் என்றொரு பிரிவு இருந்தது. எதை வேண்டுமானாலும் அதற்குள் திணிக்கலாம். தன்பாலின ஆண்களைப் பிடித்து உள்ளே போட அதுதான் உதவியது. 1997-இல் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். 2001 ஏப்ரலில் சீன மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலைத் திருத்தி, தன்பாலீர்ப்பு தன்னளவில் நோயல்ல என்றது. தன் ஈர்ப்பை நினைத்து மனம் வருந்துபவருக்கு மட்டும் ஒரு வகைப்பாட்டை மிச்சம் வைத்தது. அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் ‘குணப்படுத்தும்’ கடைகள் பல ஆண்டுகள் பிழைத்தன.

குற்றமில்லை என்பதால் உரிமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடிமைச் சட்டத் தொகுப்பின் 1046-ஆம் பிரிவு, திருமணம் ஆண், பெண் இருவரின் முழுச் சம்மதத்தோடு நடக்க வேண்டும் என்கிறது. அந்தத் தொகுப்பு வரைவாக இருந்த 2019-இல், தன்பாலினத் திருமணத்தை ஏற்கச் சொல்லி மக்கள் எழுதிக் குவித்தார்கள். பொதுமக்கள் அனுப்பிய கருத்துகளில் அதுவும் ஒன்று என்று தேசிய மக்கள் காங்கிரஸின் பேச்சாளரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் பிரிவு மாறவில்லை. பக்கத்து மாகாணமான ஹூனானில், சாங்ஷா நகரைச் சேர்ந்த சுன் வென்லின் தன் துணையோடு திருமணப் பதிவு கேட்டு வழக்குப் போட்டார். 2016 ஏப்ரல் 13 அன்று அது தள்ளுபடியானது. குவாங்டாங் தனியாக ஒரு திருமணச் சட்டம் இயற்ற முடியாது, அது பெய்ஜிங்கின் கையில் இருக்கிறது. இங்கே எந்தப் பதிவகத்தின் வாசலிலும் காத்திருந்து பயனில்லை.

இரண்டாம் படி: காப்பாளர் ஒப்பந்தம். மற்ற எல்லாவற்றுக்கும் முன் இது

ஒரே ஒரு காகிதம்தான் எழுத முடியும் என்றால் இதை எழுதுங்கள்.

ஒருவர் சுயநினைவோ முடிவெடுக்கும் திறனோ இழந்துவிட்டால் அவருக்குக் காப்பாளர் யார் என்பதற்குக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. (சட்டத்தின் பெயர் சொல்லாமல் இனி வரும் பிரிவு எண்களெல்லாம் இந்தத் தொகுப்பினுடையவை.) முதலில் கணவன் அல்லது மனைவி, அடுத்து பெற்றோரும் பிள்ளைகளும், பிறகு மற்ற நெருங்கிய உறவினர். வேறு ஆட்கள் வரிசையின் கடைசியில்தான் வருகிறார்கள், அதுவும் குடியிருப்புக் குழு போன்ற அமைப்பு ஒப்புக்கொண்டால். ஆனால் 33-ஆம் பிரிவு இந்த வரிசையைத் தாண்ட விடுகிறது. முழுத் திறனுள்ள ஒரு வயதுவந்தவர், தனக்குக் காப்பாளராக இருக்கச் சம்மதிக்கும் யாரையும் முன்கூட்டியே எழுத்தில் நியமித்துக்கொள்ளலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. ‘யிடிங் ஜியான்ஹு’ என்பது இதன் பெயர். முதுமையில் தனித்து விடப்படுபவர்களுக்கும் பயன்படும் ஏற்பாடு இது. 2017 அக்டோபரிலிருந்து எல்லா வயதுவந்தவர்களுக்கும் திறந்திருக்கிறது. தோங்ஜி ஜோடிகள் இதைக் கண்டுபிடித்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

சட்டம் எழுத்து வடிவம் மட்டுமே கேட்கிறது. ஆனாலும் நோட்டரி அலுவலகத்தில் செய்யுங்கள். சீன நோட்டரி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போகிறவர் அல்ல. உட்கார வைத்துக் கேள்வி கேட்பார், விளக்குவார், பதிவு செய்வார். நாளைக்கு ஊரிலிருந்து வரும் அண்ணன் ‘என் தம்பிக்குப் புரியாமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்’ என்று சொன்னால், அந்தப் பதிவுதான் வாயடைக்கும். இருவரும் அடையாள அட்டையோடும் ஹூகோ புத்தகத்தோடும், அதாவது சொந்த ஊரின் குடும்பப் பதிவேட்டோடும், நேரில் போக வேண்டும். எல்லா நோட்டரிகளும் விருப்பத்தோடு செய்வதில்லை. ஒருவர் மறுத்தால் இன்னொரு அலுவலகத்துக்குப் போங்கள். ‘காதலர்கள்’ என்று அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டம் அதைக் கேட்கவும் இல்லை.

ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? ஒருவர் மற்றவருக்கு என்று இருவழியாக எழுதுங்கள், ஒருவழி போதாது. சிகிச்சைக்குச் சம்மதம் தருவது, மருத்துவப் பதிவுகளைப் பார்ப்பது, முதியோர் இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது, வங்கிக் கணக்கைப் பராமரிப்பு செலவுக்குக் கையாள்வது எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். காப்பாளரைக் கண்காணிக்க மூன்றாவது ஆள் ஒருவரை, நம்பிக்கையான நண்பரை, நியமிப்பது நல்லது. சந்தேகப்படும் உறவினருக்கு அதுவே பதில்.

இதன் எல்லையும் தெரிய வேண்டும். நியமித்தவர் திறனை இழந்த பிறகுதான் இந்த ஒப்பந்தத்துக்கு உயிர் வரும். தெளிவாக இருக்கும்வரை இருவரில் யாரும் விலகிக்கொள்ளலாம். சொத்துரிமை இதில் துளியும் இல்லை. காப்பாளர் என்பதால் வாரிசு ஆகிவிட மாட்டீர்கள். இது திருமணத்துக்கு மாற்று என்று சிலர் எழுதுவதைப் படித்திருக்கலாம். அப்படிச் சொல்வது ஜோடிகளை ஏமாற்றுவது.

மூன்றாம் படி: ஷென்செனில் வாழ்பவர்களுக்கு இன்னொரு காகிதம்

குவாங்டாங்கிலேயே ஹாங்காங்கை ஒட்டியிருக்கும் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குச் சில விஷயங்களில் தனிச் சட்டம் இயற்றும் அதிகாரம் உண்டு. அங்கே 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவ விதிகளின் 78-ஆம் பிரிவு, சாகும் தறுவாயில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையைத் தருகிறது. சீனாவில் இதைச் சட்டமாக்கிய முதல் நகரம் ஷென்சென்தான். நோட்டரி செய்யலாம், அல்லது இரண்டு சாட்சிகள் முன் எழுதலாம், ஒலி ஒளிப் பதிவாகவும் செய்யலாம். சிகிச்சை தரும் மருத்துவமனை ஊழியர் சாட்சியாக இருக்கக் கூடாது. கையெழுத்தும் நாளும் வேண்டும்.

குடிமைச் சட்டத்தின் 1219-ஆம் பிரிவு, நோயாளியிடம் விளக்க முடியாதபோது ‘நெருங்கிய உறவினரிடம்’ விளக்கிச் சம்மதம் வாங்கச் சொல்கிறது. 1045-ஆம் பிரிவு அந்த உறவினர் பட்டியலை எண்ணி வைத்திருக்கிறது. நீங்கள் அதில் இல்லை. அதனால் மருத்துவமனையில் சேரும் அன்றே, நோயாளி தெளிவாக இருக்கும்போதே, அங்கே தரும் அதிகாரப் பத்திரத்தில் துணையின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு விடுங்கள். பெரிய அறுவை சிகிச்சை என்றில்லை, சாதாரணக் காய்ச்சலுக்குச் சேர்ந்தாலும் இதைச் செய்யுங்கள்.

நான்காம் படி: வீடும் பணமும்

சேர்ந்து வாங்கும் வீடு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், மற்றவர் கட்டிய தவணையெல்லாம் காற்றில் போகலாம். இருவர் பெயரிலும் பதிவு செய்யுங்கள், அதிலும் பங்கு விகிதத்தை எழுத்தில் குறியுங்கள். குறிக்காவிட்டால், குடும்ப உறவு இல்லாத இருவரின் சொத்தைச் சட்டம் ‘பங்கு முறைச் சொத்து’ என்றே கருதும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று கணக்குப் பார்க்கும், அதுவும் தெரியாவிட்டால் சரிபாதி. குவாங்சோ 2024 செப்டம்பர் 30 முதல் வீடு வாங்கும் கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டது. வெளிமாகாண ஹூகோ வைத்திருக்கும் துணையைச் சேர்க்க முடியவில்லை என்று முன்பு தவித்தவர்களுக்கு அங்கே இப்போது வழி இருக்கிறது.

வீடு ஏற்கெனவே ஒருவருடையது என்றால்? 366 முதல் 371 வரையிலான பிரிவுகளில் ‘குடியிருப்பு உரிமை’ என்ற ஒன்று வந்திருக்கிறது. உரிமையாளர் இன்னொருவருக்குத் தன் வீட்டில் வாழும் உரிமையை எழுதிக் கொடுத்து, நிலப்பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவுதான் உயிர்நாடி. ஒப்பந்தம் மட்டும் போட்டு அலமாரியில் வைத்தால் அந்த உரிமை பிறக்கவே பிறக்காது. பதிந்துவிட்டால், உரிமையாளர் இறந்து வீடு அவர் தம்பிக்குப் போனாலும், எழுதிய காலம்வரை உங்களை வெளியேற்ற முடியாது. காலத்தைக் குறிப்பிடும்போது ‘வாழ்நாள் முழுவதும்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

பணப் பரிமாற்றத்தில் ஒரு சின்ன விஷயம். வீசாட் செயலியில் காதலர்கள் 520 யுவான், 1314 யுவான் என்று அனுப்பிக்கொள்வார்கள். முதலாவது சீன ஒலியில் ‘உன்னை நேசிக்கிறேன்’, இரண்டாவது ‘வாழ்நாள் முழுக்க’. இப்படி அனுப்பியதை நீதிமன்றங்கள் பொதுவாக அன்பளிப்பாகவே பார்க்கின்றன, திரும்பக் கேட்க முடியாது. வீட்டுத் தவணைக்கோ தொழிலுக்கோ கொடுத்தால் குறிப்புப் பகுதியில் அதை எழுதி அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: உயிலும் அறுபது நாளும்

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் முதல் வரிசை வாரிசுகள். அவர்கள் யாரும் இல்லையென்றால் உடன்பிறந்தோரும் தாத்தா பாட்டியும். துணைக்கு எதுவும் வராது. ஆனால் 1133-ஆம் பிரிவின்படி வாரிசு அல்லாத யாருக்கும் உயிலில் சொத்து எழுதலாம்.

கைப்பட எழுதும் உயிலுக்குச் சாட்சி தேவையில்லை. முழுவதும் சொந்தக் கையெழுத்தில், கையொப்பமிட்டு, ஆண்டு மாதம் நாள் மூன்றும் குறித்தால் போதும். கணினியில் அச்சிட்டால் இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். 2021-க்கு முன்பு நோட்டரி உயிலே எல்லாவற்றையும் மிஞ்சும் என்று இருந்தது. இப்போது கடைசியாக எழுதியதுதான் செல்லும். நோட்டரி உயில் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும் பழைய ஜோடிகள் இதைக் கவனிக்க வேண்டும். கடைசிக் காலத்தில் உறவினர் ஊருக்கு அழைத்துப் போய்ப் புது உயில் எழுத வைத்தால் பழையது செல்லாது.

உழைக்கும் திறனும் வருமானமும் இல்லாத வாரிசுக்கு உயிலில் அவசியமான பங்கை ஒதுக்கியே ஆக வேண்டும் என்கிறது 1141. ஓய்வூதியம் வாங்கும் நகரத்துப் பெற்றோருக்கு இது பொருந்தாமல் போகலாம். கிராமத்தில் வருமானமின்றி இருக்கும் வயதான தாய்க்குப் பொருந்தும். அவருக்கென்று ஒரு தொகை எழுதுங்கள். சட்டத்துக்காக மட்டுமல்ல, எழுதுவதுதான் நியாயமும்.

அடுத்ததுதான் பலர் கோட்டை விடும் இடம். வாரிசு அல்லாதவருக்கு உயிலில் எழுதியிருந்தால், அதை அறிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ‘ஏற்கிறேன்’ என்று அவர் தெரிவிக்க வேண்டும். வாய் திறக்காவிட்டால் மறுத்துவிட்டதாகச் சட்டம் கருதும். மகனோ மகளோ மௌனமாக இருந்தால் ஏற்றதாக அர்த்தம், துணை மௌனமாக இருந்தால் மறுத்ததாக அர்த்தம். துக்கத்தில் கிடக்கும் மனிதர் இரண்டு மாதம் கழித்து எழுந்து பார்த்தால் எல்லாம் போயிருக்கும். 1124-ஆம் பிரிவின் இந்த வாசகம் எனக்குப் பெரும் கொடுமையாகவே படுகிறது. ஏற்பை எழுத்தில், நோட்டரி மூலம் அல்லது வாரிசுகளுக்கு அத்தாட்சியோடு அனுப்புங்கள். இந்த வேலையை ஒரு நண்பரிடம் இப்போதே ஒப்படைத்து வையுங்கள்.

ஆறாம் படி: ‘ஷிங்ஹுன்’ செய்யுமுன்

மாகாணத்தின் கிழக்கே இருக்கும் சாவ்ஷான் பகுதியில் குலக் கோயிலுக்கும் ஆண் வாரிசுக்கும் மதிப்பு அதிகம். புத்தாண்டுக்கு ஊருக்குப் போனால் கேள்வி தொடங்கிவிடும். அதனால் தன்பாலீர்ப்புள்ள ஆணும் பெண்ணும் பேசி வைத்துக்கொண்டு ஊருக்காகச் செய்யும் திருமணம்தான் ஷிங்ஹுன், வடிவத் திருமணம். சட்டத்துக்கு ‘வடிவம்’ என்று ஒன்று கிடையாது. பதிவு செய்துவிட்டால் அது முழுத் திருமணம். சம்பாதிப்பது பொதுச்சொத்து, கடனில் பங்கு வரலாம், நீங்கள் இறந்தால் முதல் வாரிசு அவர், நினைவிழந்தால் முதல் காப்பாளரும் அவர். இருவரும் ஒப்புக்கொண்டு பதிவகத்தில் செய்யும் விவாகரத்துக்கு 30 நாள் காத்திருப்பு வேறு. சொத்தைத் தனித்தனியாக வைக்கும் ஒப்பந்தமும், மேலே சொன்ன காப்பாளர் ஒப்பந்தமும் உயிலும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

உண்மையைச் சொல்லாமல் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வதை இந்த வழிகாட்டியில் ஒரு வழியாக நான் சேர்க்க மாட்டேன். ‘தோங்சீ’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அந்த மனைவிமாரின் துயரத்தைக் கேட்டவர் யாரும் சேர்க்க மாட்டார்.

ஏழாம் படி: வேலை

தொழிலாளர் சட்டமும் வேலைவாய்ப்பு ஊக்குவிப்புச் சட்டமும் இனம், பால், மதம் போன்றவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கின்றன. பாலீர்ப்பு பட்டியலில் இல்லை. ஷென்செனில் ஒரு வடிவமைப்பாளர், தன்பாலீர்ப்பாளர் என்று இணையக் காணொளியால் வெளியே தெரிந்ததும் வேலை போனதாக வழக்குப் போட்டார். 2015-இல் தோற்றார். காரணம் அதுதான் என்று நிரூபிக்க முடியவில்லை.

அதனால் வழக்கின் வாசலை மாற்றிப் போட வேண்டும். ‘என்னைப் பாகுபடுத்தினார்கள்’ என்பதற்கு முன் ‘என்னைச் சட்டவிரோதமாக நீக்கினார்கள்’ என்று கேளுங்கள். நீக்கத்துக்கான காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையதாகிவிடும். வென்றால், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கின் இரண்டு மடங்கு கிடைக்கும். முதலில் தொழிலாளர் நடுவர் மன்றம், ஓராண்டுக்குள் போக வேண்டும். அதன் முடிவு பிடிக்காவிட்டால் 15 நாளில் நீதிமன்றம். 2019 முதல் ‘சம வேலைவாய்ப்பு உரிமைத் தகராறு’ என்ற தனி வழக்கு வகையும் இருக்கிறது. குய்யாங்கில் ஒரு திருநம்பி தொடுத்த வழக்கில், பாலின அடையாளத்தைக் காட்டி ஒருவரை வேறுவிதமாக நடத்தக் கூடாது என்று 2017-இல் நீதிமன்றம் சொன்னது. ஆனால் சீனாவில் ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பு இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது. வாதத்தில் பயன்படுத்தலாம், நம்பி இருக்க முடியாது.

மேலாளர் பேசியதைப் பதிவு செய்யுங்கள். வீசாட் உரையாடலை அழிக்காதீர்கள். ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். எச்ஐவி இருப்பதைக் காட்டி வேலை மறுப்பதை 2006-இன் எய்ட்ஸ் தடுப்பு விதிகள் தடுக்கின்றன. ஆசிரியர் தகுதிக்கான உடற்பரிசோதனையிலிருந்து எச்ஐவி சோதனையை 2013 செப்டம்பரில் எடுத்தது குவாங்டாங்தான்.

எட்டாம் படி: அடித்தால், அடைத்து வைத்தால்

2016-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், குடும்பத்தினர் அல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் பொருந்தும் என்கிறது அதன் 37-ஆம் பிரிவு. ஆனால் சட்டம் நிறைவேறியபோதே தன்பாலினத்தவர் இதில் வரமாட்டார்கள் என்று அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டார். நடைமுறையில், துணை அடித்தால் 110-ஐ அழைத்து, போலீஸ் பதிவையும் மருத்துவச் சான்றையும் வாங்கி, காயம் விளைவித்தல் என்ற பொதுப் பிரிவில் போவதே உறுதியான வழி. அடிப்பது பெற்றோர் என்றால் அந்தச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். நீதிமன்றம் 72 மணி நேரத்துக்குள், அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்பு ஆணை குறித்து முடிவு செய்ய வேண்டும். மகனை, மகளை ‘திருத்த’ அடிக்கும் வீடுகளில் இது உண்மையாகவே உதவும்.

ஆண் ஒருவரை வற்புறுத்திப் பாலியல் சீண்டல் செய்வது 2015 நவம்பர் முதல் குற்றம். அதற்கு முன் பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் மட்டுமே. வல்லுறவுப் பிரிவு இன்னும் பெண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

‘குணப்படுத்தும்’ சிகிச்சையை எதிர்த்து முதலில் வென்றவர் குவாங்சோவில் இயங்கிய பெங் யான்ஹுய். மின் அதிர்ச்சி கொடுத்த ஒரு நிலையத்தின் மீது அவர் போட்ட வழக்கில் 2014 டிசம்பரில் பெய்ஜிங் நீதிமன்றம் 3,500 யுவான் இழப்பீடு தரச் சொன்னது. தொகை சிறியது, ஆனால் நோயில்லாததற்கு மருத்துவம் பார்த்தது தவறு என்பது பதிவாயிற்று. 2013-இன் மனநலச் சட்டப்படி தனக்கோ பிறருக்கோ ஆபத்து இல்லாதவரை விருப்பமின்றி மருத்துவமனையில் அடைக்கக் கூடாது. அடைத்தால் அந்தச் சட்டத்தைச் சொல்லியே வெளியே எடுங்கள்.

ஒன்பதாம் படி: திருநங்கை, திருநம்பியரின் அட்டை

சீன அடையாள எண்ணில் 18 இலக்கங்கள். 17-ஆவது இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். எனவே பாலினம் மாறினால் எண்ணே மாறும். வங்கி, காப்பீடு, வீட்டுப் பத்திரம், கைபேசி எல்லாம் பழைய எண்ணில் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று போலீஸ் நிலையத்தில் ஒரு சான்று வாங்கிப் பல நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை இல்லாமல் அட்டை மாறாது. அந்தச் சிகிச்சைக்கு மனநல மருத்துவரின் சான்று, குற்றப் பின்னணி இல்லை என்ற சான்று, நோட்டரி செய்த விண்ணப்பம், குடும்பத்துக்குத் தெரிவித்ததற்கான அத்தாட்சி எல்லாம் கேட்பார்கள். மணமாகாதவராக இருக்க வேண்டும். வயது வரம்பு 2022-இல் 20-இலிருந்து 18 ஆனது. குடும்பத்துக்குத் தெரிவித்த அத்தாட்சிதான் பலரை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு பெரிய மருத்துவமனையின் சான்றோடு ஹூகோ இருக்கும் ஊர்ப் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும், குவாங்சோவில் வாழ்ந்தாலும் சரி. அட்டை மாறிவிட்டால் புதிய பாலினத்தின்படி திருமணம் செய்துகொள்ளலாம். பட்டச் சான்றிதழ் மாற்றுவது கடினம். படிக்கும் காலத்திலேயே முடிந்தால் பல்கலைக்கழகத்தில் பேசிவிடுங்கள்.

பத்தாம் படி: குழந்தை

செயற்கைக் கருத்தரிப்பு மணமான தம்பதிக்கு மட்டும். வாடகைத்தாய் முறைக்கு அனுமதி இல்லை. ஆனால் மணமாகாத பெண் பெற்ற குழந்தைக்கு எல்லா உரிமையும் உண்டு. 2016 முதல் ஹூகோ பதிவுக்குப் பெற்றோரின் திருமணச் சான்று நிபந்தனையில்லை. பெறாத தாய்க்குத்தான் ஒன்றும் இல்லை. பெற்றவர் தன் உயிலில் அவரைக் குழந்தையின் காப்பாளராக எழுதி வைக்கலாம், 29-ஆம் பிரிவு பெற்றோருக்கு அந்த உரிமை தருகிறது. பெற்றவரின் நிலையும் எப்போதும் உறுதியில்லை. பெய்ஜிங்கில் பிரிந்துபோன இரு தாய்மாரின் வழக்கில், தன் வயிற்றில் சுமந்து பெற்ற மகளை மாதம் ஒருமுறை பார்க்க ஒரு தாய்க்கு 2024-இல் சமரச உடன்பாட்டின் மூலம் வழி கிடைத்தது. இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

வெளிநாட்டவராக அங்கே இருந்தால்

குவாங்சோவில் துணி வாங்கப் போகும் நம் வியாபாரிகளும், படிக்கப் போகும் மாணவர்களும் இதைக் கவனிக்கலாம். குடும்ப விசா திருமண உறவை வைத்துத் தரப்படுவது. இந்தியாவிலும் 2023 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகு தன்பாலினத் திருமணம் இல்லை என்பதால், காட்டச் சான்றும் இருக்காது. இருவரும் தனித்தனியே வேலை அல்லது படிப்பு விசா எடுங்கள். வந்து 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைப் போலீஸில் பதிய வேண்டும். நண்பர் வீட்டில் தங்கினாலும் இது பொருந்தும், ஒரே வீட்டு முகவரி கொடுப்பதில் தவறில்லை. எல்லைக்கு அப்பால் ஹாங்காங்கில் 2018 முதல் வெளிநாட்டில் மணந்த தன்பாலினத் துணைக்குச் சார்பு விசா கிடைக்கிறது. ஷென்சென் எல்லையைத் தாண்டியதும் அந்த உரிமை செல்லாது.

கூட்டம் நடத்துவதும் அமைப்பு தொடங்குவதும் இப்போது மிகவும் ஆபத்தான வேலை. பெங் யான்ஹுய் நடத்திய அமைப்பே 2021 நவம்பரில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பல்கலைக்கழக மாணவர் குழுக்களின் வீசாட் பக்கங்கள் ஒரே இரவில் காணாமல் போயின. வெளிநாட்டவர் இதில் முன்னே நின்றால் உள்ளூர் நண்பர்கள்தான் விலை கொடுப்பார்கள். சட்ட ஆலோசனைக்கு 12348 என்ற அரசுத் தொலைபேசி இருக்கிறது. காப்பாளர், உயில், வேலைநீக்கம் போன்ற கேள்விகளை ‘நண்பர்’ என்ற சொல்லோடே கேட்கலாம், பதில் மாறாது.

காகிதங்களை எங்கே வைப்பது

காப்பாளர் ஒப்பந்தத்தின் ஒரு பிரதி வீட்டில், ஒன்று கண்காணிப்பாளர் நண்பரிடம், ஒன்று இருவர் கைபேசியிலும் படமாக. உயில் எங்கே இருக்கிறது என்று துணைக்கும், அந்த 60 நாள் வேலையை ஏற்றுக்கொண்ட நண்பருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பணப்பையில் ஒரு சிறு அட்டை வையுங்கள். சீனத்தில், பெரிய எழுத்தில், ‘எனக்கு ஏதாவது ஆனால் இவரை அழையுங்கள், இவர் என் நியமனக் காப்பாளர்’ என்று எழுதி, எண்ணும் நோட்டரி அலுவலகத்தின் பெயரும் சேர்த்து.